கதிரை அளந்த பெருமகன் ஹோமி பாபா

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியேறி, மூன்று நான்கு தலைமுறைகளாக இப்பெருநகரின் உழைப்பிற் பங்கு கொண்டு வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு டிராம்பே என்னும் பெயர் புதிதன்று. செம்பூருக்கு அப்பால், குன்றுக்கும் கடலுக்கும் இடையே, பாபா அணு ஆராய்ச்சி நிலையம் பரந்து கிடக்கின்றது. விஞ்ஞானிகளாகவும் பொறியாளர்களாகவும் கருவி பழுது பார்ப்போராகவும் எழுத்தர்களாகவும் அங்கே பணியாற்றி ஓய்வு பெற்றோர் நம்மவருள் உண்டு. இன்றும் நாள்தோறும் சென்று வருவோர் உண்டு. கதிரியக்கப் பொருள்களோடு பழகும் கூடங்களில் வேலை செய்வோர் மார்பில் ஒரு சிறு பேட்ஜைச் செருகிக்கொண்டே உட்செல்லுதல் வேண்டும் என்பது விதி. வேலை முடிந்ததும் அதனை அங்கேயே உரிய இடத்தில் மாட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவர். ஆதலால், தந்தையோ தமையனோ பல்லாண்டுக் காலம் அணிந்த அப்பொருளை வீட்டிலுள்ளோர் பலர் கண்ணாற் கண்டதே இல்லை. அவர் உடல் ஏற்ற கதிர்வீச்சு எவ்வளவு என்னும் கணக்கு அச்சிறு பேட்ஜில்தான் பதிவாகின்றது.

இவ்வழக்கம் நம் நாட்டில் வேரூன்றுவதற்குக் காரணமாய் இருந்தோருள் முதன்மையானவர் டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. அணு உலைகளை அமைத்தவர் என்றே பள்ளிப் புத்தகங்கள் அவரைப் போற்றுகின்றன. அது உண்மையே. ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத கதிர்களை எண்ணுவதும் அளப்பதும் இளமை முதல் அவருக்குத் தொழிலாய் இருந்தன என்பதையும், அத்தொழிலே பின்னாளில் மனித உடலைக் காக்கும் கலையாக மாறியது என்பதையும் எடுத்துரைப்போர் சிலரே. அவ்வழியில் அப்பெருமகனாரின் வரலாற்றை ஈண்டு எழுத விழைகின்றோம்.

பம்பாயில் 1909-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30-ஆம் நாள், செல்வமும் கல்வியும் நிறைந்த பார்ஸிக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தையார் ஜஹாங்கீர் ஹோர்முஸ்ஜி பாபா சட்ட அறிஞர். பாட்டனார் மைசூர் சமஸ்தானத்தில் கல்வித் துறையின் உயர் பதவி வகித்தவர். அத்தை மெஹர்பாய், ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மூத்த மைந்தரான தோராப்ஜி டாட்டாவுக்கு வாழ்க்கைப்பட்டவர். இவ்வம்மையாரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். பின்னர் அவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கின்றது.

பாபா பிறந்த அதே 1909-ஆம் ஆண்டில் தமிழகத்தின் தென்கோடியில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்ததும் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததுமான மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் தாது இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டு கப்பலேறிய மணற்பொடியே அவருக்குத் துப்புக் கொடுத்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. நம் திருமண ஊர்வலங்களில் ஒளி வீசிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் தோரியம் ஏற்றிய வலையே. அக்காலத்து வாணிகர் அந்த மணலை விரும்பியது அவ்விளக்கின் பொருட்டுத்தான். அம்மணலிலிருந்து ஓயாது வெளிப்படும் கதிர்களைப் பற்றியோ, அதன்மேல் குடிசை கட்டி வாழ்ந்த மீனவர்களைப் பற்றியோ எவரும் கவலை கொள்ளவில்லை.

இளமைக் கல்வியை விரைந்து சொல்லிவிடலாம். கதீட்ரல் பள்ளி, எல்பின்ஸ்டன் கல்லூரி, ராயல் விஞ்ஞானக் கழகம் ஆகியவற்றில் பயின்றபின், 1927-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். எந்திரப் பொறியியல் கற்று ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலைக்குத் திரும்பி வருவார் என்பது தந்தையாரின் எண்ணம். மைந்தரின் மனமோ பௌதிகத்தில் இருந்தது. பொறியியலில் முதல் வகுப்பிற் தேறினால் மேலும் கணிதம் கற்கலாம் என்று தந்தையார் இசைந்தார். 1930-இல் முதல் வகுப்பு வந்தது; எஃகு ஆலை ஒரு பொறியாளரை இழந்தது.

அந்நாளைய கேம்பிரிட்ஜ் அணு ஆராய்ச்சியின் தலைநகர் போல் விளங்கிற்று. 1932-இல் மட்டும் நியூட்ரானைச் சாட்விக் கண்டதும், காக்ராப்டும் வால்டனும் அணுக்கருவைப் பிளந்ததும் அங்கேயே நிகழ்ந்தன. இளைஞர் பாபாவை ஈர்த்தவை விண்வெளியினின்றும் இடையறாது பூமியின்மேற் பொழியும் காஸ்மிக் கதிர்கள். 1933-இல் வெளிவந்த அவருடைய முதற் கட்டுரையே அவற்றைப் பற்றியதுதான். 1937-இல் ஹைட்லர் என்னும் அறிஞரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. விண்ணிலிருந்து வரும் துகள் ஒன்று காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் மோதி இரண்டாகவும், இரண்டு நான்காகவும், நான்கு எட்டாகவும் கிளைத்து, தரைக்கு வரும்போது எவ்வாறு பெரும் துகள் மழையாகின்றது என்பதைக் கணக்கிட்டுக் காட்டிய கட்டுரை அது. எலக்ட்ரானும் பாஸிட்ரானும் மோதிச் சிதறுவதைப் பற்றி அவர் 1935-இல் செய்த கணக்கு இன்றும் பாபா சிதறல் என்றே வழங்குகின்றது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். இக்கணக்குகளைச் சரிபார்க்கும் கருவி யாது? கைகர் எண்ணி. மெல்லிய வாயு அடைத்த குழாய். நடுவே ஒரு கம்பி. ஒரு துகள் உள்ளே புகுந்தால் ஒரு துடிப்பு. விண்ணிலிருந்து வருவதாயினும், ரேடியக் குப்பியிலிருந்து வருவதாயினும், எக்ஸ்-ரே எந்திரத்திலிருந்து வருவதாயினும் எண்ணி ஒன்றே. விண்ணை ஆராய்வோன் கற்ற எண்ணும் கலை, தொழிலாளியின் மார்புக்கு முன்னும் அப்படியே பயன்படும்.

ஆனால் அக்காலத்தில் அதனை அவ்வாறு பயன்படுத்தியோர் மிகக் குறைவு. எக்ஸ்-ரேயைக் கையாண்ட முதல் தலைமுறை மருத்துவர் பலர் விரல்களை இழந்தனர். அமெரிக்காவில் கடிகார முட்களுக்கு ரேடியம் கலந்த வண்ணம் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை நுனியை உதட்டால் கூராக்கிக் கூராக்கி, அந்த நஞ்சை உண்டு, தாடையெலும்பு அழுகி மாண்டனர். ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரி அம்மையார், பாபா கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த 1934-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், எலும்பு மச்சை இரத்தம் ஊறச் செய்யும் ஆற்றலை இழந்த நோயால் பிரான்ஸ் நாட்டு மலைச் சிகிச்சை நிலையம் ஒன்றில் உயிர் நீத்தார். தம் கைகளால் எத்தனையோ பொருள்களின் கதிரியக்கத்தை நுட்பமாக அளந்தவர் அவர். தம் உடல் ஏற்றதை அளக்க அவரிடம் ஏற்பாடு இல்லை. 1995-இல் பாரிஸின் பாந்தியோன் மாளிகைக்கு அவர் உடலைக் கொண்டு செல்லும்போதுதான் பேழையைத் திறந்து அளந்தனர். கதிரியக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாய் இருந்தது. முதல் உலகப் போரில் காயமுற்ற படைவீரர்களுக்காக அவர் ஊர்தியில் கொண்டு சென்ற எக்ஸ்-ரே எந்திரங்களே ரேடியத்தைவிட அவருக்கு ஊறு செய்திருக்கக் கூடும் என்று அளந்தோர் கருதினர். அறுபது ஆண்டுகள் கழித்துச் செய்த அளவை! உரிய காலத்தில் செய்திருப்பின் அது அவரையே காத்திருக்கும்.

இனி, அத்தை மெஹர்பாய். இரத்தப் புற்று என்று நாம் சொல்லும் லுகேமியா நோயால் அவர் 1931-இல் காலமானார். அத்துயரால் வாடிய தோராப்ஜி டாட்டா, மனைவியார் வெளிநாட்டிற் பெற்ற மருத்துவ வசதி நம் நாட்டிலும் அமைய வேண்டும் என்று விரும்பினார். மறு ஆண்டே அவரும் மறைந்தார். அவ்விருப்பத்தின் கனியாக 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஊரிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு தாதர் நிலையத்தில் வந்து இறங்கும் உறவினர், முகவரி கேட்டு நம் வீடுகளில் தங்கிச் செல்வது இன்றும் நாம் அறிந்ததே. புற்றை எரிக்கும் கதிரே அளவு மீறினால் புற்றை விளைக்கும்; மிகு கதிர்வீச்சுக்கு ஆளானோரிடம் முதலில் தலைகாட்டும் புற்று வகைகளுள் லுகேமியாவும் ஒன்று. அளவு என்பதே மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள கோடு. அக்கோட்டை வரையும் கடமை பின்னாளில் பாபாவின்மேல் வந்து சேர்ந்தது.

1939-இல் விடுமுறைக்காகத் தாயகம் வந்திருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்பிச் செல்ல இயலவில்லை. பங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், நம் சர் சி. வி. இராமன் பௌதிகத் துறைக்குத் தலைமை தாங்கியிருந்த காலத்தில், அவருக்கு இடம் கிடைத்தது. காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றை அங்கே நிறுவினார். எண்ணிகளை விமானத்தில் ஏற்றி உயரே செல்லச் செல்லத் துகள்களின் எண்ணிக்கை எவ்வாறு மாறுகின்றது என்று அளந்தனர். 1941-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார், வயது 31. பின்னர் 1951-இல் அவர் மாணவர் ஸ்ரீகண்டன் கோலார் தங்கவயலின் சுரங்க ஆழத்தில் எண்ணிகளை இறக்கினார். ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் பொன் தேடி இறங்கிய அக்குழிகளில் விஞ்ஞானிகள் விண்கதிர் தேடி இறங்கினர். பூமிக்குள்ளே நியூட்ரினோவின் தடத்தை 1965-இல் உலகில் முதன்முதலாகக் கண்டவர்களுள் கோலார்க் குழுவினரும் அடங்குவர்.

டாட்டா அறநிலையத்தின் உதவியால் 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. பங்களூரிற் பிறந்து அதே ஆண்டில் பம்பாய்க்கு வந்த அக்கழகம், பெடர் ரோடில் பாபாவின் குடும்பத்தாருக்கு உரிய மாளிகையிலேயே குடிபுகுந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அணுசக்திக் கமிஷன் அமைக்கப்பட்டது. தலைவர் பாபா, உறுப்பினர் இருவர். ஒருவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். மற்றவர் வத்திராயிருப்பிற் பிறந்து உலகறிந்த பௌதிக மேதையான சர் கே. எஸ். கிருஷ்ணன். மூவருள் ஒருவர் தமிழர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நன்று.

1954-ஆம் ஆண்டு ஜனவரியில் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் தொடங்கப்பட்டது. 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள், ஆசியாவிலேயே ரஷ்யாவுக்கு வெளியே முதலாவதான ஆராய்ச்சி உலை அங்கே இயங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையை வகுத்ததும் கட்டியதும் நம்மவர். நீர்த்தொட்டியின் ஆழத்தில் நீல ஒளி பொலிவதைக் கண்டு நேரு பெருமகனார் அதற்கு அப்ஸரா என்று பெயர் சூட்டினார். அந்நீர் அழகுக்காக நின்றதன்று. மேலே நிற்போரைக் கதிரினின்றும் காக்கும் சுவர் அது.

அப்ஸராவைப் பாடுவோர் பலர். நாம் பாராட்ட விரும்புவது அதனருகே ஓசையின்றி வளர்ந்த மற்றொரு பிரிவை. கதிர்வீச்சினின்றும் பணியாளரைக் காப்பதற்கென, டாக்டர் ஏ. கே. கங்குலி தலைமையில், உடல்நலப் பௌதிகப் பிரிவு டிராம்பேயில் அமைந்தது. எண்ணிகளையும் அளவுகருவிகளையும் வெளிநாட்டிலிருந்து வாங்கிக் குவிப்பதைப் பாபா விரும்பவில்லை. டிராம்பேயின் மின்னணுப் பிரிவு அவற்றைச் செய்யத் தொடங்கியது. அம்முயற்சியே வளர்ந்து 1967-இல் ஹைதராபாத்தில் தனி மின்னணுக் கூட்டுத்தாபனமாயிற்று.

மார்பில் அணியும் பேட்ஜ் அக்காலத்தில் எவ்வாறு வேலை செய்தது என்பதைச் சிறிது விளக்குவோம். புகைப்பட பிலிம் துண்டு ஒன்றை ஒளி புகாத தாளில் சுற்றி ஒரு கூட்டில் வைப்பர். கூட்டில் ஆங்காங்கே செம்பு, ஈயம், காட்மியம் முதலிய உலோகத் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். கதிர் பட்ட இடம் கறுக்கும். வலுக்குறைந்த கதிர் ஈயத்தைத் துளைக்காது, வலுமிக்கது துளைக்கும். ஆகவே எந்தத் துண்டின் அடியில் பிலிம் எவ்வளவு கறுத்திருக்கின்றது என்று பார்த்தால், வந்த கதிர் எத்தகையது, எவ்வளவு என்னும் இரண்டும் தெரியவரும். தெரிந்த அளவு கதிரைக் காட்டிக் கறுக்கச் செய்த பிலிம்களோடு ஒப்பிட்டு அளவை எழுதுவர். பம்பாயின் மழைக்காலப் புழுக்கத்தில் பிலிம் கெட்டுப்போவதும் உண்டு. அக்குறை நீங்க, 1975 முதல் டிஸ்புரோஸியம் சேர்த்த கால்சியம் சல்பேட் வில்லைகள் பிலிமின் இடத்தைப் பெற்றன. கதிர் தந்த ஆற்றலை வில்லை தன்னுள்ளே வைத்துக் காக்கும். சூடேற்றினால் அதனை ஒளியாக உமிழும். ஒளியின் அளவே கதிரின் அளவு. டி.எல்.டி. பேட்ஜ் என்று இன்று நம் இளைஞர் சொல்வது இதனையே. மூச்சு வழியாகவோ வாய் வழியாகவோ உட்புகுந்த பொருளைப் பேட்ஜ் காட்டாது. அதற்குச் சிறுநீர்ச் சோதனையும், கனத்த எஃகு அறையில் படுக்க வைத்து உடல் முழுவதையும் எண்ணும் முறையும் உண்டு.

உடலுக்குள் கதிர் செய்யும் தீங்கு இரு வகை. ஒரே நேரத்தில் பெருமளவு பாய்ந்தால் எலும்பு மச்சையும் குடலின் உட்தோலும் அழியும். உடல் முழுதும் நான்கு கிரே அளவு பட்டு, சிகிச்சையும் இல்லையெனில், ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் மாள்வர். சிறிது சிறிதாகப் படுவதன் விளைவோ வேறு. அது உயிரணுவின் மரபுச் சரட்டில் கீறல் விழச் செய்கின்றது. பெரும்பாலான கீறல்களை உடல் தானே செப்பனிட்டுக் கொள்கின்றது. செப்பனிடப்படாத ஒன்று பல ஆண்டுகள் கழித்துப் புற்றாய் முளைக்கக் கூடும். யாருக்கு முளைக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. எத்தனை பேருக்கு என்று மட்டும், ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர் பிழைத்தோரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்ததால், ஒருவாறு மதிப்பிட முடிகின்றது. இதனால்தான் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைத் துணிந்து கூறாமல், ஏற்கத் தகும் அளவு என்று வகுக்கின்றனர். 1950-இல் தொழிலாளிக்கு வாரத்திற்கு 0.3 ரெம், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 15 ரெம் வரை இருக்கலாம் என்றனர். அப்பத்தாண்டின் இறுதிக்குள் அது ஆண்டுக்கு 5 ரெம்மாகக் குறைந்தது. 1990-க்குப் பின் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், அதாவது 2 ரெம். நம் நாட்டில் ஐந்தாண்டுக்கு 100 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30-க்கு மிகாமல் என்பது விதி. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்காகச் சொல்கின்றோம்: மண்ணும் விண்ணும் காற்றும் உணவும் சேர்ந்து உலக மாந்தர் ஒவ்வொருவருக்கும் தரும் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்.

1954 மார்ச்சு முதல் நாள் பசிபிக் கடலில் அமெரிக்கர் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடி படகொன்றின்மேல் விழுந்து, உலகம் நடுங்கியது. நேருவின் விருப்பப்படி, அணுவெடிப்புகளின் விளைவுகளைப் பற்றி டி. எஸ். கோத்தாரி 1956-இல் ஒரு நூலை ஆக்கினார். பாபாவும், டாட்டா ஆஸ்பத்திரியில் புகழ் பெற்ற நோய்க்குறியியல் அறிஞர் கானோல்கரும் துணை நின்றனர். 1955 டிசம்பரில் ஐ.நா. சபை அணுக் கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய 15 நாடுகள் கொண்ட விஞ்ஞானக் குழுவை அமைத்தபோது இந்தியாவும் அதில் இடம் பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜினீவாவில் கூடிய அணுசக்தி மாநாட்டுக்குப் பாபாவே தலைவர். இருபது ஆண்டுகளுக்குள் அணுச்சேர்க்கை ஆற்றலை மனிதன் அடக்கியாள்வான் என்று அங்கே அவர் முன்னுரைத்தார். எழுபது ஆண்டுகள் ஆகியும் அது கைகூடவில்லை. பெரியோரும் தம் துறையின் எதிர்காலத்தைச் சற்று மிகையாய்க் காண்பர் போலும்.

1960 பிப்ரவரியில் டிராம்பே ஊழியருக்கு அவர் ஓர் ஆணை விடுத்தார். கதிரியக்கப் பொருள்களை நிலையத்தினருக்கோ பிறருக்கோ தீங்கு நேராவண்ணம் கையாளுதல் வேண்டும். அதனோடு அமையாது, நாட்டின் பிற நிறுவனங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க முறையிற் கையாளுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. நாற்பது மெகாவாட் ஆற்றலுடைய சைரஸ் உலை இயங்குவதற்குச் சில திங்களுக்கு முன் பிறந்த ஆணை இது. அவருடைய பெரும் சொற்பொழிவுகள் பலவற்றைக் காட்டிலும் இச்சிறு ஆணையையே நாம் உயர்வாக மதிக்கின்றோம்.

1962-இல் டாட்டா ஆஸ்பத்திரியின் நிருவாகம் அணுசக்தித் துறையிடம் வந்தது. சுகாதாரத் துறையிடம் இருக்க வேண்டிய மருத்துவமனை அணுவியலாரிடம் ஏன் என்று வியந்தோர் உண்டு. கதிரால் மருத்துவம் செய்யும் இடத்தில் கதிரை அளக்கத் தெரிந்தோர் வேண்டும் என்பதைப் பாபா உணர்ந்திருந்தார். அத்தையின் நினைவாய் எழுந்த மருத்துவமனை மருகரின் துறைக்கு வந்து சேர்ந்தது. அத்துறையின் கீழேயே இன்றும் இயங்குகின்றது.

முன்னே விட்ட கடற்கரை மணலுக்கு மீள்வோம். மோனசைட் நாட்டின் அணுச் செல்வம் என்று உணர்ந்து 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. அதே மணல், அதன்மேல் வாழ்வோர் உடலில் தலைமுறை தலைமுறையாய்க் கதிர் பாய்ச்சி வருகின்றது. கொல்லம் அருகே கருநாகப்பள்ளி வட்டாரத்தில் சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை அளந்திருக்கின்றனர். டிராம்பேயின் விஞ்ஞானிகள் கையில் கருவியோடு அங்கே சென்றனர், மக்களும் அளக்கப்பட்டனர். இதனால் தீங்கு உண்டா என்னும் வினா எளிதில் தீரவில்லை. 1976-இல் டில்லி மருத்துவ ஆராய்ச்சியாளர், மனவளர்ச்சி குன்றிப் பிறக்கும் டவுன் நோய்க் குழந்தைகள் அங்கே மிகுதி என்று எழுதினர்; பிறர் மறுத்தனர். திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்தார் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரி பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, மணலின் கதிரால் புற்று மிகுந்ததாகக் காணவில்லை என்று 2009-இல் வெளியிட்டனர். இவ்வளவில் அச்சம் குறைகின்றது. எனினும், குமரி மாவட்டக் கடலோர மக்கள் இன்றும் எழுப்பும் வினாக்களை அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று. அளந்த எண்களை அவர்கள் மொழியில் அவர்கள் முன் வைப்பதே முறை.

இவ்விடத்தில் பாபாவின்மேல் நாம் காணும் குறையையும் மறைக்க விரும்பவில்லை. அணுசக்தித் துறையைப் பிரதமரின் நேர்ப்பார்வையில், மற்றோர் கேள்வி கேட்க இயலாத உயரத்தில் அவர் அமைத்தார். 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் 1962-ஆம் ஆண்டுச் சட்டமும் இரகசியத்துக்கு மிகுந்த இடம் தந்தன. கதிரை உண்டாக்குபவரும் அளப்பவரும் ஒரே வீட்டார். வீட்டுச் செலவையும் கணக்கையும் ஒருவரே பார்த்தால் எத்துணை நேர்மையாளராயினும் அயலாருக்கு ஐயம் எழுவது இயற்கை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல்தான் தோன்றியது. அதற்கும் போதிய சுதந்திரம் இல்லை என்று 2012-இல் மத்திய தணிக்கை அதிகாரி அறிக்கை தந்தார். இரகசியம் அறியாமையை வளர்க்கும். 2010-இல் டில்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்கு வந்த கருவி ஒன்றில் கோபால்ட் இருந்ததை எவரும் அறியாமல் உடைத்தனர்; பலர் நோயுற்றனர், ஒருவர் மாண்டார். பங்கார் என்று இந்நகரத்தார் வழங்கும் பழம்பொருள் வாணிகம் தாராவியில் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றது என்பதை நாம் அறிவோம். மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் போன்ற குறி பொறித்த இரும்பு எதுவாயினும் சுத்தியலை ஓங்குவதற்கு முன் நின்று கேட்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

சீனம் 1964 அக்டோபரில் அணுகுண்டு வெடித்தபின், அத்தகைய குண்டுக்கு ஆகும் செலவு பெரிதன்று என்னும் பொருள்பட அவர் வானொலியில் உரையாற்றியதும் நம் மனத்துக்கு முழுதும் உவந்ததன்று. ஆயுத ஒழிப்பையும் அவ்வுரையிலேயே வேண்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நீதி.

மணம் செய்துகொள்ளவில்லை. ஓவியம் தீட்டுவார், மேனாட்டுச் சங்கீதத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். கட்டடத்துக்காக மரத்தை வெட்டச் சம்மதியார்; வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்வார். டிராம்பேயின் சோலைகள் அவர் கைவண்ணமே.

வியன்னாவில் நடைபெறவிருந்த சர்வதேச அணுசக்திக் கூட்டத்திற்குப் புறப்பட்ட அவர், 1966-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் காலை, ஏர் இந்தியாவின் காஞ்சன்ஜங்கா விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் சிகரத்தில் மோதியதால் மாண்டார். விமானத்திலிருந்த 117 பேரும் உயிரிழந்தனர். பாபாவுக்கு வயது 56. திருமதி இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்ற நாளும் அதுவே. மேரி கியூரி அம்மையார் உயிர் நீத்த பாஸி என்னும் சிற்றூரும் அம்மலைக்கு எதிரேதான் இருக்கின்றது.

மறு ஆண்டு டிராம்பே நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அப்ஸரா 2009-இலும் சைரஸ் 2010-இலும் ஓய்ந்தன. 2018-இல் அப்ஸரா புதிய உருவில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. பேட்ஜ் மட்டும் ஓய்வின்றித் தொடர்கின்றது. டிராம்பேயில் மட்டுமன்று; சயானிலும் பரேலிலும் உள்ள மருத்துவமனைகளில் எக்ஸ்-ரே எடுக்கும் பணியாளரும், தொழிற்சாலைகளில் பற்றவைத்த இரும்புக் குழாய்களைக் கதிர் கொண்டு சோதிப்போரும் அதனை அணிகின்றனர். குறித்த காலத்துக்கு ஒரு முறை வில்லைகள் அளவைக்கூடத்துக்குச் சென்று, எண்ணாகித் திரும்பி வந்து, அவரவர் பெயரில் ஏட்டில் ஏறுகின்றன. அவ்வேட்டில் தம் கணக்கைப் பார்க்கப் பணியாளருக்கு உரிமை உண்டு; பணியிலிருந்து நீங்கியபின்னும் அது பாதுகாக்கப்படுகின்றது.